உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக்கு அடியில் ஒரு ஹீட்டர்!

ஸ்வீடன். வெளியே மைனஸ் 20 டிகிரி. தோட்டம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பனி. வீட்டுக்குள்ளே மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்! அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அதே பனித் தோட்டத்தின் அடியிலிருந்து!

கருவியின் பெயர் கிரவுண்ட் சோர்ஸ் ஹீட் பம்ப். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பெரியண்ணன்! ஃபிரிட்ஜ் காய்கறியின் சூட்டைப் பிடுங்கிப் பின்பக்கம் கொட்டுகிறது. இது தோட்டத்தின் சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குள் கொட்டுகிறது!

1 யூனிட் மின்சாரம் போட்டால் 3, 4 யூனிட் வெப்பம் கையில்! எந்த வட்டிக்கடையில் இப்படித் தருவார்கள்?

பனிக்கு அடியில் சூடு எப்படி? பாரிஸ் வான் ஆய்வகத்துக்குக் கீழே 28 மீட்டர் ஆழத்தில் ஒரு பாதாள அறை. 1783-இல் வேதியியல் அறிஞர் லவாசியே செய்த வெப்பமானியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மேலே கோடையா, பனியா? அதற்குத் தெரியவே தெரியாது! ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 டிகிரி!

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுவென்று இருக்கிறதே, சித்திரையில் சில்லென்று இருக்கிறதே? அதுவும் இதே கூத்துதான்! கிணறு மாறவே இல்லை. மாறியது வெளிக்காற்று!

மண்ணிலிருந்து சூடு எடுக்கும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் சோலி காப்புரிமை வாங்கிய ஆண்டு 1912! டைட்டானிக் மூழ்கிய அதே ஆண்டு!

1940-களில் அமெரிக்காவில் ராபர்ட் வெப்பர் என்பவர் தன் வீட்டு டீப் ஃப்ரீசரின் பின்குழாயைத் தெரியாமல் தொட்டார். கை வெந்துவிடும் போல் சுட்டது. இந்தச் சூட்டையா வீணாக்குகிறோம் என்று யோசித்தார். முடிவில் தோட்டத்தில் குழாய் புதைத்துவிட்டார் என்கிறது கதை!

சரி, இந்த அதிசயக் கருவி மக்கர் பண்ணினால்? இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கம்ப்ரஸரை. பாவம் கம்ப்ரஸர்! அலாரம் அடித்ததும் முதலில் பார்க்க வேண்டியவை ஒரு வடிகட்டி, ஒரு காற்றுக்குமிழி, கடுகு அளவு ஒரு சென்சார்!

மண்ணுக்குள் திரவம் ஓடும் குழாயிலிருந்து ஆரம்பிப்போம். தோட்டத்தில் போட்ட 150 மீட்டர் ஆழ போர் ஒன்றில் இறங்குவதற்கு 150, ஏறுவதற்கு 150. மொத்தம் 300 மீட்டர் பிளாஸ்டிக் குழாய்! 40 மில்லிமீட்டர் குழாய் என்றால் உள்ளே ஏறக்குறைய 290 லிட்டர் திரவம்!

வினாடிக்கு அரை லிட்டர் ஓடினாலும் ஒரே ஒரு சுற்று முடிய கிட்டத்தட்ட 10 நிமிடம்! ஒரு குமிழி இப்போது எதிரே போனால், அதே குமிழியை அடுத்த டீ குடிக்கும்போதுதான் மறுபடி பார்க்கலாம்!

அவ்வளவு ஆழத்திலிருந்து திரவத்தை மேலே தூக்க ராட்சச மோட்டார் வேண்டாமா? வேண்டவே வேண்டாம்! இறங்கும் திரவத்தின் எடையே ஏறும் திரவத்தைத் தூக்கிவிடுகிறது. கிணற்று ராட்டினத்தின் இரு பக்கமும் வாளி கட்டியது போல! பம்ப் வெல்ல வேண்டியது குழாய்ச் சுவரின் உராய்வை மட்டும். பழைய குண்டு பல்பு ஒன்றோ இரண்டோ எரியும் மின்சாரம் போதும்!

ஆனால் 150 மீட்டர் அடியில் அழுத்தம் 15 பார்! கார் டயரில் இருப்பதே 2 சொச்சம்தான். குழாய் ஏன் வெடிக்கவில்லை? வெளியே நிற்கும் நிலத்தடி நீரும் அதே பலத்தோடு உள்நோக்கி நெருக்குகிறது!

100 மீட்டர் பாலிஎத்திலீன் குழாயை வெளியே போட்டு 10 டிகிரி குளிர்வியுங்கள். 20 சென்டிமீட்டர் சுருங்கிவிடும்! கிட்டத்தட்ட ஒரு சாண்!

இதனால் ஒரு வேடிக்கை. மூடிய குழாய் வட்டத்தில் குளிர்காலத்தில் பிரஷர் ஏறும், கோடையில் இறங்கும்! குளிர்ந்தால் திரவத்தைவிடக் குழாய் அதிகம் சுருங்கி உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கிறது. இது தெரியாமல் கோடையில் முள் இறங்கியதும் ‘ஐயோ லீக்!’ என்று தோட்டத்தைத் தோண்டக் கிளம்பிவிடாதீர்கள்!

புதுக்குழாயும் அப்படித்தான். நிரப்பிய சில நாட்களிலேயே பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஓட்டை இல்லை. அழுத்தத்துக்குக் குழாயே மெல்ல உப்பிக்கொள்கிறது!

மண்ணுக்குள் போகும் இணைப்புகளில் பசை கிடையாது, திருகும் கிடையாது. இரண்டு முனைகளையும் 200 டிகிரிக்கு மேல் சுட்டு, இளகியதும் ஒன்றோடொன்று அழுத்துகிறார்கள். ஆறியபின் இரண்டு குழாய் இல்லை, ஒரே குழாய்!

இன்னொரு வகை இணைப்பு: உள்ளேயே கம்பிச்சுருள் வைத்த பிளாஸ்டிக் மூட்டு. மின்சாரம் கொடுத்தால் தன்னைத்தானே உருக்கி ஒட்டிக்கொள்ளும்! அதன் மேல் பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது போல பார்கோடு! எத்தனை வோல்ட், எத்தனை வினாடி என்று இயந்திரம் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறது!

புதைத்த பிளாஸ்டிக் குழாயை மெட்டல் டிடெக்டரால் கண்டுபிடிக்கவே முடியாது! அதனால்தான் குழாயின் மேல் உலோகம் கலந்த எச்சரிக்கை நாடாவையும் சேர்த்துப் புதைக்கிறார்கள். ரோஜாச் செடிக்குக் குழி தோண்டுகிறவர் குழாயில் கடப்பாரை போடாமல் இருக்க!

வீட்டு அடித்தளத்தில் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். கசிவா? பல நேரம் இல்லை! குளிர்ந்த சோடா பாட்டில் வியர்க்கிறதே, அதேதான். மைனஸில் ஓடும் குழாய் அறையின் ஈரக்காற்றைப் பார்த்ததும் வியர்த்துவிடுகிறது!

வியர்வையா, கசிவா என்று ஒரே சொட்டில் தீர்ப்பு சொல்லலாம்! அந்தச் சொட்டை, திரவம் எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் கண்ணாடியில் வையுங்கள். உறைநிலை 0 டிகிரி என்று காட்டினால் வெறும் தண்ணீர், வியர்வை. மைனஸ் காட்டினால் உள்ளே ஓடும் திரவம், கசிவு! இந்தத் தந்திரத்துக்கே எனக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரலாம்!

தோட்டத்துக்கு அடியில் ஸ்வீடன்காரர்கள் ஓடவிடுவது என்ன தெரியுமா? சாராயம்! எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவை. எத்தனால் ஏறக்குறைய 30 சதவீதம். யாரும் குடித்துவிடக் கூடாது என்று குமட்டும் பொருளையும் கலந்துவிடுகிறார்கள்!

சில நாடுகளில் எத்திலீன் கிளைக்கால். பயங்கர விஷம். ஆனால் சுவையோ இனிப்பு! நாய் ருசித்து நக்கிவிட்டு உயிரை விடும்!

அதன் தம்பி புரோபிலீன் கிளைக்கால். இது உணவுப் பொருட்களிலேயே சேர்க்க அனுமதி பெற்றது! பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்!

உறையாமல் இருக்கத்தானே, கூடுதலாகவே ஊற்றிவிடுவோம் என்றால் ஆபத்து! 30 சதவீதப் புரோபிலீன் கிளைக்கால் 0 டிகிரியில் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக ஓடும். பம்ப் திணறும், ஓட்டம் குறையும், அலாரம் அடிக்கும்!

குறைவாக ஊற்றினால்? பாக்டீரியாவுக்கு விருந்து! நீர்த்துப்போன கிளைக்காலைத் தின்று பெருகி, குழாய்ச் சுவரில் வழவழவென்று பாசி போல் ஒட்டிக்கொள்ளும்!

எத்தனால் கலவையைக் கிளைக்கால் அளவுகோல் உள்ள ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் பச்சைப் பொய் சொல்லும்! ஒவ்வொரு திரவத்துக்கும் தனி அளவுகோல். கருவியில் பழுதே இல்லை, படித்தவர்தான் தப்பான கோட்டைப் படித்தார்!

ஆற்றில் நீர் அமைதியாக ஓடினால் அழகு. இந்தக் குழாயில் அமைதியாக ஓடினால் கேடு! கொந்தளித்து ஓடினால்தான் சுவரின் சூடு நடுவில் ஓடும் திரவத்துக்கும் போய்ச் சேரும். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இந்த எல்லையைச் சோதித்துக் காட்டினார். எல்லையைச் சொல்லும் மந்திர எண்ணுக்கு அவர் பெயரே, ரெனால்ட்ஸ் எண். குழாய்க்கு அது ஏறக்குறைய 2,300!

திரவம் குளிரக் குளிரக் கெட்டியாகிறது. ஒரு கட்டத்தில் கொந்தளிப்பு அடங்கிவிடும். அதாவது கடும் குளிரில், சூடு அதிகம் தேவைப்படும் அதே நாளில், குழாய் சோம்பேறியாகிவிடும்!

இப்போது காற்று. குழாயில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் அவர்தான்! வீட்டுச் சின்ன பம்ப்பால் அவரை விரட்ட முடியாது. வெளியிலிருந்து பெரிய பம்ப் கொண்டுவந்து திரவத்தை வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் அடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர்களின் கணக்கு. அதற்குக் குறைந்தால் எல்லாக் குமிழியும் வெளியே வராது!

எல்லாக் காற்றும் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? இது அபாரம்! பம்ப் ஓடும்போதே திரும்பி வரும் வால்வைச் சட்டென்று மூடுகிறார்கள். தொட்டியில் திரவ மட்டம் சரசரவென்று இறங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அசையாமல் நின்றால் சுத்தம்! தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அவ்வளவுதான் ரகசியம்!

ஸ்வீடன் வீடுகளில் குழாயின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். உள்ளே திரவம் கண்ணுக்குத் தெரியும். முதல் சில வாரங்களில் மட்டம் தானாக இறங்கும். பயப்படாதீர்கள், ஒளிந்திருந்த காற்று வெளியே வருகிறது! மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தால்? அப்போது பயப்படுங்கள்!

வடிகட்டி! இந்தப் பகுதியின் கதாநாயகன் இவர்தான். போர் போட்டபோது புகுந்த மண், அறுத்த குழாயின் பிளாஸ்டிக் துருவல் எல்லாம் சிக்குவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கம்பி வலையில். நிறைய பணம் போட்டு வாங்கிய இயந்திரத்தை நிறுத்திவிட ஒரு தேக்கரண்டி மண் போதும்!

வலை அடைத்திருக்கிறதா என்று திறக்காமலே சொல்லலாம்! மண்ணிலிருந்து வரும் திரவத்துக்கும் மண்ணுக்குத் திரும்பும் திரவத்துக்கும் வழக்கமாக 3 முதல் 5 டிகிரி வித்தியாசம். அது 7, 8 என்று ஏறினால் ஓட்டம் படுத்துவிட்டது என்று அர்த்தம். போய் வலையைக் கழுவுங்கள்!

திரையில் ‘லோ பிரஷர்’ என்று அலாரம். உடனே ‘கேஸ் போயிடுச்சு, ஃபில் பண்ணணும்’ என்பார் ஒருவர். நில்லுங்கள்! மண்பக்க வலை அடைத்தாலும் இதே அலாரம்தான் வரும்! திரவம் குறைவாக வந்தால் உள்ளே குளிர் கூடும், குளிர் கூடினால் கேஸ் அழுத்தம் இறங்கும். கேஸ் ஒரு கிராம்கூடப் போகவில்லை!

ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற அந்தக் கேஸ் சுற்று தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்டு வருகிறது. ஐரோப்பாவில் ஃபுளோரின் கேஸ் உள்ள இயந்திரத்தின் அந்தப் பகுதியைத் தொடச் சான்றிதழ் வேண்டும்! சொந்தக்காரரே ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டியதுதான்!

வீட்டின் மூலையில் தொங்கும் சிவப்புக் குண்டான், எக்ஸ்பான்ஷன் டேங்க். அதன் வாயில் இருக்கும் வால்வு எது தெரியுமா? உங்கள் கார் டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வு! காப்புரிமை பெற்ற ஆண்டு 1893!

அந்த வால்வின் முள்ளை ஒரு நொடி அழுத்துங்கள். காற்று வந்தால் நலம். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் திரை கிழிந்துவிட்டது! இதற்கு மேல் பரிசோதனையே தேவையில்லை!

மண்ணின் சூடு கேஸுக்கு மாறும் இடம் ஒரு தட்டு அடுக்கு. ஒவ்வொரு எவர்சில்வர் தட்டும் ஒரு மில்லிமீட்டரில் பாதி தடிமன்கூட இல்லை! ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் கேஸ். தட்டுகளை ஒட்டியிருப்பது செம்பு! உள்ளே ஒருமுறை பனிக்கட்டி கட்டினால் தட்டு கிழியும், திரவம் கம்ப்ரஸருக்குள் புகும், கதை முடிந்தது! ஒரு தேக்கரண்டி மண்ணை ஏன் அவ்வளவு திட்டினேன் என்று இப்போது புரிகிறதா?

பிளாஸ்டிக் குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வராது. ஆனால் வெளிக்காற்றின் ஆக்சிஜன் பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே போய்விடும்! அதனால்தான் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களில் ஆக்சிஜனைத் தடுக்கத் தனியாக ஒரு மெல்லிய படலம் வைக்கிறார்கள்!

ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் மை போலக் கறுப்பா? ஒரு காந்தத்தை அருகே கொண்டு போங்கள். கறுப்பு நகர்ந்து வரும்! அது மேக்னடைட், இரும்பின் துரு. சிவப்புத் துரு என்றால் எங்கிருந்தோ ஆக்சிஜன் தாராளமாக உள்ளே வருகிறது!

இனி சென்சார்கள். எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டி முழக்குவேன்!

இரும்போ செம்போ சூடானால் மின்தடை ஏறும். சூட்டை அளக்கும் அந்தக் கடுகு அளவுச் சென்சாரில் தலைகீழ், சூடு ஏற ஏற மின்தடை இறங்கும்! இந்த விசித்திரத்தை வெள்ளி சல்ஃபைடில் முதலில் கவனித்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆண்டு 1833!

வழக்கமான சென்சார் ஒன்று 25 டிகிரியில் 10,000 ஓம். 50 டிகிரியில் 3,600 ஓம். 0 டிகிரியில் 32,650 ஓம்! கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே டாக்டர்!

கடைக்குப் போய் ‘10 கே சென்சார் ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டுவிடாதீர்கள்! 25 டிகிரியில் அதே 10,000 ஓம் காட்டும் இன்னொரு வகை இருக்கிறது. அது 0 டிகிரியில் 29,490 ஓம்! மாற்றிப் போட்டால் குளிரில் 2 டிகிரி பொய். பார்க்க இரட்டைப் பிள்ளைகள், குணம் மட்டும் வேறு!

2 டிகிரிதானே என்கிறீர்களா? வரும் திரவத்துக்கும் போகும் திரவத்துக்கும் வித்தியாசமே சில நேரம் 3 டிகிரிதான்! அதில் ஒரு சென்சார் 1 டிகிரி பொய் சொன்னாலே கணக்கில் மூன்றில் ஒரு பங்கு தப்பு!

சில இயந்திரங்களின் சென்சாரில் இருப்பது பிளாட்டினம்! 0 டிகிரியில் 1,000 ஓம், 100 டிகிரியில் 1,385 ஓம். நகைக்கடைக்கு ஓடாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு!

அதே பிளாட்டினத்தில் 100 ஓம் வகையும் உண்டு. அதில் இரண்டே கம்பி இருந்து, கம்பியின் தடையே 1 ஓம் ஆனால் திரையில் 2.6 டிகிரி கூடிவிடும்! சென்சார் பொய் சொல்லவில்லை, தூது போன கம்பி சொல்கிறது!

சூடு ஏற மின்தடை இறங்கும் அந்த முதல் வகைச் சென்சாரில் கம்பி அறுந்தால் இயந்திரம் சைபீரியாவுக்குப் போய்விடும். திரையில் மைனஸ் 40! இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் எரிமலைக்குப் போய்விடும். 100-க்கும் மேல்! எண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்!

ஆனால் மிகவும் தந்திரமானது மூன்றாவது நோய். சென்சாரில் பழுதே இல்லை, குழாயிலிருந்து கழன்று காற்றில் தொங்குகிறது! மைனஸில் ஓடும் குழாய்க்கு 21 டிகிரி என்று சத்தியம் செய்கிறது. அது அளப்பது அறையை!

வெந்நீர்த் தொட்டியின் சென்சார் இப்படி வெளியே நழுவினால்? தொட்டி கொதித்தாலும் ‘இன்னும் சுடவேயில்லை’ என்று இயந்திரம் குழம்பி ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அழுத்தம் எகிறி ‘ஹை பிரஷர்’ அலாரம்! குற்றவாளி யார்? கழன்றுபோன ஒரு பிளாஸ்டிக் டை!

இணைப்பில் ஈரம் புகுந்தால் சென்சார் சூடு கூட்டிச் சொல்லும்! ஈரத்தின் 3 லட்சம் ஓம் தடை வழியே மின்சாரம் கசிந்தாலே போதும், 0 டிகிரியை 2 டிகிரி என்று சொல்லும்! ஒரு சொட்டு நீர் செய்யும் வேலை!

சென்சாரைச் சோதிக்க உலகிலேயே மலிவான ஆய்வகம் உங்கள் சமையலறையில்! ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர், கலக்கிவிடுங்கள். மிகச் சரியாக 0 டிகிரி! தண்ணீர் விடாமல் ஃப்ரீசர் ஐஸை மட்டும் வைத்தால் மைனஸ் 18-க்குப் பக்கத்தில் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள்!

துப்பாக்கி போல் நீட்டிச் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி பளபளக்கும் செம்புக் குழாயில் படு மோசம்! செம்பு கண்ணாடி மாதிரி, எதிரே நிற்கும் உங்கள் முகத்தின் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும்! வைத்தியம்? ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். ஒட்டிவிட்டு அதன் மேல் பாருங்கள், உண்மை வரும்!

திரும்பும் திரவம் வரும் திரவத்தைவிடச் சூடு என்று திரை காட்டுகிறதா? இயந்திரம் சூடுபடுத்தும் வேலையில்தானே இருக்கிறது? அப்படியானால் மண்ணுக்குச் சூடு கொடுக்கிறது என்று பதறாதீர்கள். இரண்டு சென்சார்களையும் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள்!

வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வெளியே எவ்வளவு குளிர் என்று சொல்வது அதுதான். அதை ஏன் வடக்குச் சுவரில் மாட்டுகிறார்கள்? வெயில் படக் கூடாது! தெற்கே மாட்டினால் ஜனவரி மதியம் ஒரு மணி வெயிலில் ‘கோடை வந்தாச்சு’ என்று ஹீட்டிங்கையே நிறுத்திவிடும்! உள்ளே குடும்பமே போர்வைக்குள்!

இந்தப் பெட்டியை வேண்டுமென்றே ஏமாற்றும் கருவிகளும் விற்பனையில் உண்டு! மின்சாரம் மலிவான நேரத்தில் வெளியே கடும் குளிர் என்று பொய் மின்தடை காட்டி, இயந்திரத்தை முன்கூட்டியே சுட வைக்கின்றன. பொய்க்கும் ஒரு சந்தை!

ஓட்டத்தை அளக்கும் ஒரு சென்சாரில் சுழலும் பாகமே கிடையாது! நடுவில் ஒரு சின்னத் தடுப்பு. அதைத் தாண்டும் நீரில் சுழல்கள் மாறி மாறிப் பிறக்கும். அந்தச் சுழல்களை எண்ணியே எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுகிறது! பாலத்தூணுக்குப் பின்னால் ஆறு சுழிக்கிறதே, அதே சுழி!

அமெரிக்க இயந்திரங்களில் குழாயில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். ஊசி போன்ற வெப்பமானியை அதில் குத்தி அளந்துவிட்டு உருவிவிடலாம். துளை தானாக மூடிக்கொள்ளும். சொட்டு நீர் வராது! தடுப்பூசி போட்ட கை மாதிரி!

மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டை மாற்றி மாட்டினால் ஸ்க்ரோல் (சுருள்) கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றும்! காது கிழியச் சத்தம். சூடு? பூஜ்யம்! இந்தச் சுருள் யோசனைக்கு பிரான்ஸின் லியோன் க்ரூ 1905-இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார்!

ஆகஸ்ட் மாதம். ஹீட்டிங் அணைத்தாயிற்று. ஆனால் ரேடியேட்டர் சுடுகிறது! பேயில்லை. வெந்நீர்த் தொட்டிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வழி மாற்றும் மூவழி வால்வு பாதியில் சிக்கிக்கொண்டது!

எல்லாவற்றிலும் கொடுமையான பழுது எது தெரியுமா? பழுதே தெரியாத பழுது! ஹீட் பம்ப் திணறினால் உள்ளே இருக்கும் மின்சாரக் கம்பிச்சுருள் சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொள்ளும். வீடு கதகதப்பாகவே இருக்கும். 6 கிலோவாட் சுருள் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6 யூனிட், ஒரு நாளைக்கு 144 யூனிட்! பில் வரும்போதுதான் அலறல்!

ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை வெறும் 1 டிகிரி குறைத்தால் மின்சாரத்தில் 2 முதல் 3 சதவீதம் மிச்சம்! ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஒரே ஒரு பட்டன்!

மண்ணைக் கொஞ்சம் கேட்போம். காய்ந்த மணலைவிட நீரில் ஊறிய மணல் பல மடங்கு வேகமாகச் சூடு கடத்தும்! மழை பெய்தால் உங்கள் ஹீட்டருக்குக் கொண்டாட்டம்!

தோட்டத்து ஈரம் உறைந்து ஐஸ் ஆனாலும் அதிலிருந்து சூடு கிடைக்கும்! 1 கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெளியே வருகிறது. 80 டிகிரி வெந்நீரை 0 வரை ஆற வைத்தால் கிடைக்கும் அதே அளவு! ஐஸிலிருந்து வெந்நீர்!

ஆனால் பேராசை கூடாது. ஆழமில்லாமல் புதைத்த குழாயால் அளவுக்கு மீறிச் சூடு உறிஞ்சினால் தோட்டம் பழிவாங்கும். வசந்தத்தில் பக்கத்து வீட்டுப் புல் பச்சை, உங்கள் புல் மட்டும் தூக்கத்தில்! குழாய் எங்கே ஓடுகிறது என்று மேலிருந்தே வரைந்துவிடலாம்!

ஜெர்மனியின் ஸ்டாஃபென் ஊரில் 2007-இல் நகர மண்டபத்துக்குச் சூடேற்ற 7 போர் போட்டார்கள். ஆழம் 140 மீட்டர். அடியில் இருந்த அன்ஹைட்ரைட் பாறைக்குத் தண்ணீர் கிடைத்தது. அது ஜிப்சமாக மாறி ஏறக்குறைய 60 சதவீதம் உப்பத் தொடங்கியது. ஊரின் பழைய மையப் பகுதி மாதம் 1 சென்டிமீட்டர் வரை வேகத்தில் மேலே எழுந்தது! 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல்!

அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்காகத் தோண்டிய போர் எத்தனை? கிட்டத்தட்ட 3,600! அத்தனை குழிகளிலும் குழாய். வலை கழுவும் வேலை கிடைத்தவர் யாரோ!

1945-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் சம்னர் வென்சம் ஆற்றிலிருந்து சூடு எடுத்துக் கட்டடத்தைச் சூடேற்றினார். போர்க்காலப் பற்றாக்குறை. இயந்திரத்தின் பாகங்களைப் பழைய சாமான்களிலிருந்து தேற்றினார்! அப்படியும் ஓடியது!

சூரிச் நகர மண்டபம். அது லிம்மத் ஆற்றிலிருந்து சூடு எடுத்தது. ஹீட் பம்ப்பை ஓடவிட்ட ஆண்டு 1938. உலகப் போர் வந்தது, போனது. மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பினான். பெர்லின் சுவர் எழுந்தது, விழுந்தது. இயந்திரத்தைக் கழற்றி வைத்த ஆண்டு 2001. மொத்தம் 63 குளிர்காலம்!